வளவுக்குள் டிஜே: ஸ்பீக்கரை மறைக்கும் சாமான்களில் எது தேறும், எது தேறாது

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மணிவிழாவோ கல்யாண வரவேற்போ வைத்தால் அலங்காரத்துக்கென்று தனியாக அதிகம் செய்ய வேண்டியதில்லை. பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு நடுவே முக்காலி ஸ்டாண்டில் இரண்டு கறுப்புப் பெட்டி, கீழே பேஸ் ஒலிக்கென்று இரண்டு பெரிய சப் (சப்வூஃபர்), தரை முழுக்க ஒயர். போட்டோவில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அதுதான். “தம்பி, இந்தக் கறுப்புப் பெட்டிய எங்கிட்டாச்சும் மறைச்சு வைங்க” என்று வீட்டு ஆச்சி சொல்லாத விசேஷம் குறைவு. மறைத்துவிடலாம். மறைத்தபிறகும் சத்தம் ஒழுங்காக வர வேண்டுமே, அதுதான் பாடு. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் இப்போது புழங்கும் மறைப்புச் சாமான்களை ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

முதலில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வளவு என்பது நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும். சத்தத்துக்குக் கடினமான இடம். தரை கல், சுவர் கண்ணாடி போல மெருகேறிய சுண்ணாம்பு, ஆள் உயரத்துக்கு பெல்ஜியம் கண்ணாடிகள். சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. நடு முற்றத்தில் நின்று ஒரு கைதட்டினால் எதிரொலி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். இங்கே 15 அங்குலப் பெட்டி இரண்டை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் பேச்சு குழம்பும், பாட்டு சேறாகும். சிறிய ஸ்பீக்கர் நாலு, குறைந்த சத்தத்தில், ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்தால் தெளிவு வரும். சிறியதை மறைப்பதும் சுலபம். மறைப்பு வேலையில் பாதி, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது.

அந்த வகையில் முதல் மதிப்பெண் காலம் (column, அதாவது தூண் வடிவ) ஸ்பீக்கருக்கு. ஒல்லியாக, நெட்டையாக, தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண் போல நிற்கிறது. சந்தையில் இரண்டு நன்றாகப் பழகியவை: போஸ் எல்1 ப்ரோ16, எலெக்ட்ரோ-வாய்ஸ் எவால்வ் 50. போஸில் 2 அங்குல ஸ்பீக்கர் 16, ஜே வடிவத்தில் வரிசையாக இருக்கும். பக்கவாட்டில் 180 டிகிரி பரப்பும். அடியில் 10-க்கு 18 அங்குல நீள்வட்ட சப். எவால்வ் 50-ல் 3.5 அங்குல ஸ்பீக்கர் 8, அடியில் 12 அங்குல சப், பக்கவாட்டில் 120 டிகிரி. இரண்டிலுமே சப்பிலிருந்து மேலே போகும் இணைப்பு தண்டுக்குள்ளேயே போய்விடுகிறது. வெளியே ஒயர் தொங்காது. மறைக்கிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டில் எது என்றால், வீட்டைப் பொறுத்தது. போஸின் 180 டிகிரி, திறந்த முற்றத்துக்கோ முகப்புத் திண்ணைக்கோ வசதி. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஒரே மாதிரி கேட்கும். ஆனால் நீளமான, குறுகிய கூடமான பட்டாலையில் அதே 180 டிகிரி இரண்டு பக்கச் சுவரிலும் போய் அடித்துத் திரும்பும். அங்கே எவால்வின் 120 டிகிரி தேவலை. மேடை உயரமாக இருந்தால் போஸில் நடுவில் வரும் நீட்டிப்புத் தண்டை எடுத்துவிட்டு வைக்கலாம். உயரம் குறைவதால் பின்னால் இருக்கும் வாழை மரத்தோடு கலந்துபோகும். வெள்ளை நிறத்திலேயே வேண்டுமென்றால் எல்டி சிஸ்டம்ஸின் மௌய் வரிசையைப் பார்க்கலாம். வெள்ளைப் பெட்டியாக இருந்தால் உறை போடும் வேலை பாதி மிச்சம்.

வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் பந்தி நடக்கும் இடத்துக்கு ஒயர் இழுக்காமல் பேட்டரி ஸ்பீக்கர் வைப்பது நல்ல யோசனை. போஸ் எஸ்1 ப்ரோ ஏழு கிலோ சொச்சம்தான். சாதாரண சத்தத்தில் 11 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கம்பெனி. மூலையில் சாய்த்து வைக்கலாம், முன்னால் பிரம்புக் கூடை ஒன்றைக் கவிழ்த்தால் கண்ணில் படாது. கூடை பிரம்பாக, இடைவெளி விட்டுப் பின்னியதாக இருக்க வேண்டும். பனை ஓலைக் கொட்டான் பார்க்க அழகுதான், ஆனால் பின்னல் நெருக்கம். உள்ளே வைத்தால் பாட்டு பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். ப்ளூடூத்தில் இணைத்தால் சத்தம் தாமதமாக வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தனி அறைக்குப் பரவாயில்லை. வளவிலும் பந்தியிலும் ஒரே பாட்டு ஒன்றோடொன்று காதில் விழும் இடமாக இருந்தால் ஒயரோ, ஆடியோவுக்கென்றே வரும் ஒயர்லெஸ் இணைப்போதான் சரி.

துணி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்பீக்கர் முகத்துக்கு நாலு பக்கமும் இழுபடும் லைக்ரா ஒன்றுதான் துணி. மெல்லிய ரகம், 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) போதும். திருப்பூர் பக்கம் எந்த நிறத்திலும் கிடைக்கும். பளீர் வெள்ளை எடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உண்மையில் ஐவரி நிறம். பளீர் வெள்ளை உறை எல்இடி வெளிச்சத்தில் நீலம் பூத்துத் தனியாகத் தெரியும். உறை தைக்கும் அளவு: பெட்டியின் சுற்றளவில் 10 முதல் 15 சதவீதம் குறைத்துத் தைக்க வேண்டும். சுற்றளவு 60 செ.மீ. என்றால் உறை 52 செ.மீ. அப்போதுதான் இழுத்து நிற்கும், சுருக்கம் விழாது, பேஸ் அடிக்கும்போது படபடக்காது. டாப்புக்கு (சப்புக்கு மேலே நிற்கும் ஸ்பீக்கருக்கு) ஒன்று, சப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தைப்பது நல்லது. ஒரே உறையாகத் தைத்தால் சப் அகலமாகவும் டாப் ஒல்லியாகவும் இருப்பதால் நடுவில் தொங்கும். பின்பக்கம் வெல்க்ரோ வைத்து, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இருக்கும் இடத்தில் ஒரு முழத்துக்கு வலைத்துணி ஜன்னல் விட வேண்டும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர் ஸ்பீக்கரின் சூடு அங்கேதான் வெளியேறும். அதை மூடினால் பந்தி நேரத்தில், சரியாகப் பாட்டு சூடு பிடிக்கும் சமயத்தில், ஸ்பீக்கர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

சாட்டின், வெல்வெட், காடா மூன்றும் டாப் முன்னால் வேண்டாம். துணியை வாயோடு வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் கைக்குத் தெரியாவிட்டால் மேல் ஸ்தாயியும் போகாது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ.தான். வழியில் நிற்கும் எதிலும் அது தட்டி நிற்கும். 100 ஹெர்ட்ஸுக்கு அதே 3.4 மீட்டர், துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கெட்டித் துணிக்குள் பேச்சு புரியாமல் பேஸ் மட்டும் குமுறுவது இதனால்தான். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஒரு மீட்டரில் போன் வைத்து, ஒவ்வொரு அலைவரிசையின் அளவையும் காட்டும் ஆர்டிஏ ஆப்பில் உறையோடும் இல்லாமலும் 8 கிலோஹெர்ட்ஸைப் பாருங்கள். 2 டெசிபலுக்கு மேல் விழுந்தால் அந்தத் துணியை மாற்றுங்கள். அதற்குள் என்றால் மிக்சரில் ட்ரெபிளை ஒன்றிரண்டு கூட்டிச் சரிக்கட்டலாம்.

கண்டாங்கிச் சேலையைச் சுற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சப்புக்குச் சுற்றலாம், தாராளமாக. கெட்டிப் பருத்தி, கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் ஆத்தங்குடிக் கல்லோடு அப்படியே ஒட்டும். டிஜே மேசைக்கு முன்னாலும் அருமை. டாப்புக்கு மட்டும் வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் பற்றி ஒரே வரி: ஆத்தங்குடி டிசைனை ஃப்ளெக்ஸில் அச்சடித்து ஸ்பீக்கர் முன்னால் கட்டுவது, ஸ்பீக்கர் வாயில் பிளாஸ்திரி ஒட்டுவது. அதே டிசைனை லைக்ராவில் சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும்) முறையில் அச்சடித்தால் சத்தமும் வரும், வெளிச்சத்தில் பளபளக்கவும் செய்யாது.

அடுத்து சப்பை மறைக்கும் மரப்பெட்டி. சரியாகச் செய்தால் இந்தப் பட்டியலிலேயே அழகானது இதுதான். பழைய பெட்டகம் போல, முன்பக்கம் நாற்காலிக்குப் பின்னுவது மாதிரி பிரம்பு வலை போட்டுத் தச்சரிடம் செய்யச் சொல்லலாம். பிளைவுட் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 6 மி.மீ. போட்டால் பெட்டியே தனியாகப் பாட ஆரம்பிக்கும். அடியும் பின்னும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கம் 15 செ.மீ. இடம் விடுங்கள். முன்பக்கம் வலைக்கும் சப்புக்கும் இடையில் 3 முதல் 5 செ.மீ. போதும். இடம் இருக்கிறதே என்று சப்பை உள்ளே தள்ளி வைத்தால் முன்னால் ஒரு வெற்றுக் குழி உண்டாகி, குறிப்பிட்ட ஒரு ஸ்வரம் மட்டும் உப்பிக்கொண்டு வரும். சப்பின் முகம் பெட்டியின் முகத்தோடு ஒட்டி வரட்டும். இணைப்புகளில் ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். பிரம்பு வலையை ஊறவைத்து ஈரமாக அடித்தால் காயும்போது இறுகிக்கொள்ளும். காய்ந்த வலையை அடித்தால் தளர்ந்து ரீங்கரிக்கும்.

பெட்டியின் மேல் என்ன வைப்பது என்பதில்தான் டெக்கரேஷன்காரருக்கும் சவுண்டுக்காரருக்கும் சண்டை. மேல்பரப்பு தட்டையாக, வசதியாக இருக்கிறதே என்று குத்துவிளக்கையும் வெள்ளிச் சாமானையும் அடுக்கிவிடுவார்கள். முதல் பாட்டிலேயே சந்தனப் பேழை மூடி தாளம் போடும். விளக்கு நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வரும். எரிகிற விளக்கு என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை. லைக்ரா தீயில் உருகிச் சொட்டும் துணி. விளக்குக்கும் உறைக்கும் இரண்டு கை நீளமாவது இடைவெளி வேண்டும். சப் மேல் வைப்பதானால் துணிப் பொம்மை, பூ நிரம்பிய ஓலைக் கொட்டான், மடித்த ஜமுக்காளம், இவைதான்.

பெட்டியைத் தாண்டி வீட்டிலேயே அதிர்கிற சாமான் நிறைய. நிலைக் கண்ணாடி, கலர்க் கண்ணாடி ஜன்னல், முற்றத்துக்கு மேல் பிற்காலத்தில் போட்ட பாலிகார்பனேட் ஷீட், அலமாரிக்குள் இருக்கும் எனாமல் பாத்திரம். இதற்கு முந்தின நாளே ஒரு வேலை செய்ய வேண்டும். டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒருவர் வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். எங்கே என்ன கடகடக்கிறதோ அங்கே மடித்த காகிதமோ ஃபெல்ட் துண்டோ செருகினால் அடங்கும். அடங்காத ஜன்னல் ஒன்றிரண்டு இருக்கும். அந்த அலைவரிசையை மட்டும் ஈக்வலைசரில் குறைத்துக்கொள்வதுதான் வழி. பழைய கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி கிடையாது.

சப்பை மூலையில் ஒதுக்கினால் மறைப்பது சுலபம், கூடவே இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைத் தூக்கியும் கொடுக்கும். அதனால் ஒரு சிறிய சப் போதும். ஆனால் உப்பலாக வரும், 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை 3 முதல் 6 டெசிபல் குறைக்க வேண்டியிருக்கும்.

தேறாதவை மூன்றைச் சொல்லிவிடலாம். ஒன்று, ஸ்பீக்கருக்கு முன்னால் பூச்சுவர். வெறும் வலையில் பூக்கட்டியதென்றால் பிழைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் புல்மேட்டில் செருகிய செயற்கைப் பூ என்றால் மேல் ஸ்தாயி அங்கேயே சமாதி. நிஜப் பூவில் வேறு சிக்கல்: பூக்காரர் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார், அது நேராக மிக்சருக்கும் ஆம்ப் துவாரத்துக்கும் போகும். தெளிக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவைக்க ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இரண்டு, வாழை மரம். காலம் ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கமும் தண்டு நிற்பது கண்ணுக்கு அருமையான மறைப்பு. ஆனால் இலை முகத்துக்கு முன்னால் தொங்கினால் சத்தம் அடைபடும், காற்றடிக்கும்போது கூடிக் குறையும். முன்னால் வரும் இலையைக் கழித்துவிட வேண்டும். வாழைச்சாறு உறையில் பட்டால் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. மூன்று, பித்தளை அண்டா. ஒயர்லெஸ் மைக் ரிசீவரை அண்டாவுக்குள் ஒளித்து வைக்கும் ஐடியா அடிக்கடி வருகிறது. சுற்றிலும் உலோகம் இருந்தால் சிக்னல் உள்ளே வராது. ஆன்டெனா மைக்கை நேராகப் பார்க்கிற மாதிரி, மேசைக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். ரிசீவரைத் துணிக்குப் பின்னால் வைக்கலாம், உலோகத்துக்குப் பின்னால் வைக்க முடியாது.

நன்றாக மறைத்துவிட்டால் வரும் தொல்லை ஒன்று உண்டு. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மாமா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு வாழ்த்திப் பேசியபடியே நேராகப் போய் அந்த “தூணுக்கு” முன்னால் நிற்பார், கூவல் கிளம்பும். நாதஸ்வரக்காரர்களையும் இடம் காலியாக இருக்கிறதென்று அங்கேயே ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மீட்டருக்குப் பூச்சட்டியோ நிறைகுடமோ வைத்து வழியை அடைத்துவிட்டால் ஆள் தானாக விலகிப் போவார். மைக் பிடிப்பவர் நிற்க வேண்டிய இடத்தில் சின்னக் கோலம் ஒன்று போட்டுவைப்பதும் நன்றாக வேலை செய்கிறது.

டிஜே மேசைக்கு மடக்கு ஃபிரேமில் லைக்ரா இழுத்த தடுப்பு எல்லா ஊரிலும் கிடைப்பதுதான். வளவில் அது எக்ஸிபிஷன் ஸ்டால் மாதிரி இருக்கும். சிஎன்சி மெஷினில் ஜாலி (ஓட்டைக் கோலம்) வெட்டிய பலகை நாலு, கீல் போட்டு மடக்குகிற மாதிரி, தேக்கு நிறம் பூசியது, இதைவிடப் பொருத்தம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய நிஜப் பழைய கதவை நிறுத்தலாம் என்று ஆசை வரும். கனம் தாங்காது, சாய்ந்தால் ஆபத்து. ஜாலிப் பலகைக்குப் பின்னால் டாப்பை வைப்பதானால் பாதிக்கு மேல் ஓட்டையாக இருக்க வேண்டும்.

ஒயர். நிலைப்படிக்கு மேலே போட்டால் காலில் தட்டும், மிதிபடும், பெரியவர்களுக்கு மனசும் சங்கடப்படும். வாசல் நிலையின் உச்சியில், மாவிலைத் தோரணத்தின் கயிற்றோடு சேர்த்து இழுத்தால் ஒயர் இருப்பதே தெரியாது. தூணில் ஆணி கூடாது. முதலில் துணிப்பட்டை சுற்றி, அதன் மேல் கயிறு. சுவரில் டேப் கூடாது, சுண்ணாம்பு மெருகு உரிந்து வரும். ஆத்தங்குடிக் கல்லில் கேஃபர் டேப் (பசை விடாமல் உரியும் துணி டேப்) மட்டும், அன்றிரவே எடுத்துவிட வேண்டும். பழுப்பு பேக்கிங் டேப் பசையை விட்டுப்போகும். சப்பைத் தள்ளாமல் தூக்கியே வைக்க வேண்டும், ஸ்டாண்டுக் காலுக்கு ஃபெல்ட். மேல் திறந்த முற்றத்தில் பள்ளத்து வழியாக ஒயர் போகவே கூடாது. அரை மணி மழை பெய்தால் அது குளம்.

கரண்ட் விஷயத்தில் பழைய வீட்டு பிளக்கை நம்ப வேண்டாம். எர்த் இல்லாத இடங்கள் உண்டு. டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மெயின் போர்டிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயரில் தனி லைன் எடுங்கள். சீரியல் செட்டோடும் டிம்மரோடும் ஒரே லைனில் போட்டால் இரைச்சல் வரும். இரைச்சலுக்காக எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாட்டு, ஐசோலேஷன் உள்ள டிஐ பாக்ஸ் (ஆடியோ ஒயரின் எர்த் தொடர்பைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) போட்டாலே தீரும்.

பின்வரிசைக்கு இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வைத்தால் டிலே (பின் ஸ்பீக்கரின் சத்தத்தைச் சற்றுத் தாமதிப்பது) போடாமல் விடாதீர்கள். நம்மூர் வெயிலுக்கு மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட் கணக்கு. 12 மீட்டர் என்றால் 35 சுமாராக. இதைப் போட்டால்தான் சத்தம் மேடையிலிருந்து வருகிற மாதிரி தோன்றி, பக்கத்துத் தூணில் ஸ்பீக்கர் இருப்பதைக் காதும் கவனிக்காது.

சவுண்ட் சர்வீஸ் பேசும்போது கேட்க வேண்டியவை: உறை லைக்ராவா சாட்டினா, ஐவரி இருக்கிறதா, முந்தின நாள் சாயங்காலம் வந்து அதிர்வு பார்ப்பார்களா, டிலே போடும் வசதி மிக்சரில் உண்டா, பூக்காரர் வேலை முடியும்வரை ஒரு ஆள் நிற்பாரா. இரண்டு ஆள் இருந்தால் மறைப்பு வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகும், அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி. மூடிய அரங்குக்குள் என்றால் விலக்கு உண்டு, வானம் தெரிகிற வளவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. டிஜேவை ஏழு மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கள்.